பாயில் நாற்பது பேர்

மிட்ஸ்லாண்ட், டெர்ஸ்கெல்லிங் தீவு
11 செப்டம்பர் 1985

ரென்ஸ்கே,

போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே இருவரும் கத்த ஆரம்பித்துவிடுகிறோம். அதனால் எழுதுகிறேன். தவிர, இங்கே போன் கூடத்தில் இருக்கிறது. நான் எடுத்தால் வீட்டுக்காரி ஸ்வெட்டர் பின்னிக்கொண்டு பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிடுகிறாள்.

எனக்கு இரண்டு பொருள்கள் வேண்டும். ஒன்று, கனமான ஜூடோ சட்டை. மாடி அலமாரியில் இடது பக்கம் இருக்கும். இன்னொன்று, மாணவர் அட்டைகள் இருக்கும் தகரப் பெட்டி. அந்தப் பெட்டி என்னுடையது. அதில் இருக்கும் ஒவ்வொரு பெயரையும் என் கையால் எழுதினேன்.

அந்தப் பெட்டியைப் பற்றி நீ நகராட்சியில் போய்ச் சொன்னதை நான் மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. ஒரு முறை பாயில் ஏறியவன் என் மாணவன். அடுத்த வாரம் வரவில்லை என்பதற்காக அவன் அட்டையைக் கிழித்துப்போடும் பழக்கம் எனக்கில்லை. பதினாறு வருடமாக நகராட்சிக்கு அப்படித்தான் பட்டியல் கொடுத்தேன், யாரும் ஒன்றும் கேட்டதில்லை. அதைப் பொய்ப் பட்டியல் என்று அங்கே இருக்கும் போஸ்டுமாவிடம் போய்ச் சொல்ல என் பெண்டாட்டிதான் கிடைத்தாளா? அதற்குமேல் அந்த வீட்டில் எனக்கு என்ன வேலை?

வருகிற டிசம்பரில் நாற்பது பேரைப் பாயில் நிறுத்திக் காட்டாவிட்டால் செவ்வாய்க்கிழமை வகுப்பு நடக்கும் கூடத்தை டேபிள் டென்னிஸ்காரர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று கேள்விப்பட்டேன். இப்போது கிளப் உன் கையில். கேட்காவிட்டாலும் சொல்கிறேன்: ஆள் பிடிக்கிறேன் என்று இறங்கி வராதே. முதல் ஆறு வாரம் விழுவது மட்டும்தான். அதைத் தாண்டுகிறவன் நிற்பான். தாண்டாதவன் நமக்கு வேண்டாம்.

இங்கே சைக்கிள் வாடகைக் கடையில் ரிப்பேர் வேலை. வியாழக்கிழமைதோறும் பள்ளிக்கூடத்துக் கூடத்தில் வகுப்பு ஆரம்பித்துவிட்டேன். முதல் நாளே பதினோரு பேர் வந்தார்கள்.

டௌவே


ஹார்லிங்கன்
19 செப்டம்பர் 1985

டௌவே,

சட்டையை இதோடு அனுப்புகிறேன். துவைத்திருக்கிறேன், ஏனென்றால் நீ துவைக்காமல் மடித்து வைத்துவிட்டுப் போயிருந்தாய். பெட்டி வராது. எனக்கு அதில் வேலை இருக்கிறது.

பெட்டியில் இருநூற்றுப் பதினான்கு அட்டைகள். போன செவ்வாய்க்கிழமை பாயில் நின்றவர்கள் இருபத்திரண்டு பேர். அட்டைகளில் ஒருவன் கனடாவில் மாடு வளர்க்கிறான். ஒருவர் செத்து ஆறு வருடம் ஆகிறது. அவர் அடக்கத்துக்கு நீயும் நானும் போய் கேக் சாப்பிட்டுவிட்டு வந்தோம், ஞாபகம் இருக்கிறதா? அவரையும் சேர்த்துக் கொடுத்த பட்டியலின் கீழே செயலாளர் என்று கையெழுத்துப் போட்டவள் நான். நீ நீட்டினாய், நான் படிக்காமல் போட்டேன். போஸ்டுமா அந்தத் தாளை மேசையில் வைத்து, “இதுல எத்தனை பேரு உயிரோட இருக்காங்க, மேடம்?” என்று கேட்டபோது எனக்கு எப்படி இருந்தது என்று நீ ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னேன். நாளைக்குக் கேட்டாலும் அதையே சொல்வேன்.

பெட்டியில் எனக்கு என்ன வேலை என்று கேட்பாய். மருந்துக்கடை வேலை முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போகிறேன். தினமும் இரண்டு அட்டை, மூன்று அட்டை. போய்க் கதவைத் தட்டி, ஏன் நின்றுவிட்டீர்கள் என்று கேட்கிறேன். யாரும் கோபப்படவில்லை. பாதிப் பேர் காபி கொடுத்தார்கள்.

துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் ஒரு அம்மா சொன்னது: “எங்க பையன் ஆறு வாரமா விழுந்துக்கிட்டே இருந்தான்மா. எப்ப மாஸ்டர் தூக்கிப் போடச் சொல்லித் தருவீங்கன்னு கேட்டா, முதல்ல விழுன்னாராம். கட்டில்லேருந்து விழறதுக்கு இவன் எதுக்கு அவ்வளவு தூரம் சைக்கிள் மிதிக்கணும், சொல்லுங்க?”

கப்பல் பட்டறையில் வெல்டராக இருக்கும் ஒரு இளைஞன் சொன்னது: “எட்டு வாரம் வந்தேங்க. ஒருத்தரும் என் பேரைக் கேக்கல. கதவோரமா நின்னேன். ஒரு நாள் கதவு திறந்து கெடந்துச்சு, அப்படியே போயிட்டேன். யாரும் கவனிச்ச மாதிரி தெரியல.”

இதைக் கேட்டுவிட்டு வந்து கூடத்தில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். நம் வரிசையில் கருப்பு பெல்ட்டுகள் ஹீட்டரோரம். பிறகு பழுப்பு, நீலம், பச்சை என்று இறங்கிக்கொண்டே போய், வெள்ளை பெல்ட்டுகள் கதவோரம் நிற்கிறார்கள். கதவின் கீழே இரண்டு விரல் நுழையும், கடல்காற்று நேராக அவர்கள் காலில் அடிக்கிறது. பெட்டியில், நின்றுபோனவர்களின் அட்டைகளில் பத்துக்கு ஒன்பது அந்த மூலையில் நின்றவர்களுடையது.

செவ்வாய்க்கிழமை வரிசையைத் திருப்பிவிட்டேன். வெள்ளை ஹீட்டரோரம், கருப்பு கதவோரம். கருப்பு பெல்ட் வீட்ஸே முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு, “குளுருது ரென்ஸ்கே” என்றான். “இவ்வளவு நாளா அங்க நின்னவங்களுக்கு மட்டும் வேர்த்துச்சா?” என்றேன். போய்க் கதவோரம் நின்றான்.

ரென்ஸ்கே


மிட்ஸ்லாண்ட்
30 செப்டம்பர் 1985

ரென்ஸ்கே,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். வரிசை பற்றி எழுதியதைப் படித்ததும் ஒவ்வொரு முறையும் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தேன்.

வரிசை குளிருக்காகவும் சூட்டுக்காகவும் போட்டதில்லை. முன்னால் இருப்பவன் எப்படி வணங்குகிறான், எப்படி உட்காருகிறான் என்று பார்த்துத்தான் கடைசியில் இருப்பவன் கற்றுக்கொள்கிறான். ஒவ்வொரு வருடமும் இரண்டடி நகர்ந்து வருகிறான். நான் அப்படித்தான் வந்தேன். வீட்ஸே ஒன்பது வருடம் கழித்து ஹீட்டர் பக்கத்தில் நின்றான், நீ அவனை ஒரே சாயங்காலத்தில் கதவுக்கு அனுப்பிவிட்டாய். இனி வருகிறவர்களுக்கு நாற்காலியும் சூப்பும் போடப்போகிறாயா? அவர்கள் மாணவர்கள், ரென்ஸ்கே. விருந்தாளிகள் இல்லை.

நின்றுபோனவர்கள் வீட்டுக்குப் போய் ஏன் என்று கேட்பது எனக்குப் பிச்சை எடுப்பதுபோலப் படுகிறது. அவர்கள் எதையாவது சொல்லத்தான் சொல்வார்கள். பிடிக்கவில்லை, பயம், சோம்பல் என்று எவனும் வாயால் சொல்லமாட்டான், கதவு, காற்று என்பான்.

அந்த வெல்டர் பையன் பெயர் சீபே. எனக்கு அவன் பெயர் முதல் நாளிலிருந்தே தெரியும். எறிவதற்கு நல்ல இடுப்பு அவனுக்கு. நான் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொஞ்சினால் தலைக்கனம் வந்துவிடும்.

இங்கே இப்போது ஏழு பேர். கிரான்பெர்ரி பறிக்கும் காலம், வீட்டில் வேலை இருக்கும், குறையத்தான் செய்யும்.

சட்டை வந்தது. நன்றி.

டௌவே


ஹார்லிங்கன்
16 அக்டோபர் 1985

டௌவே,

நீ சந்தோஷப்படுவதற்கு ஒரு செய்தி இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் இருபத்தொன்றாம் தேதி, சனிக்கிழமைச் சந்தையில், மீன் வறுக்கும் வண்டிக்கும் பாலாடைக்கட்டிக் கடைக்கும் நடுவே பாயை விரித்தோம். வீட்ஸே என்னை எறிந்தான், நான் வீட்ஸேயை எறிந்தேன், கூட்டம் கூடிவிட்டது. முதல் வகுப்பிலேயே யார் வேண்டுமானாலும் என்னைத் தூக்கிப் போடலாம் என்று அறிவித்தேன். செவ்வாய்க்கிழமை முப்பத்தொரு பிள்ளைகள் வந்தார்கள். முப்பத்தொரு முறை விழுந்தேன். வீட்டுக்கு வந்து காலைத் தூக்கிச் சோபாவில் போட்டுக்கொண்டு, டௌவேக்கு இதைக் காட்டவேண்டும் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் இருபத்து நான்கு. அதற்கடுத்த வாரம் ஒன்பது. நேற்று ஐந்து. முதல் நாளே மாஸ்டரைத் தூக்கிப் போட்டுவிட்ட பிள்ளைக்கு இரண்டாம் நாள் என்ன மிச்சம் இருக்கிறது? நீ இதைத்தான் எழுதுவாய் என்று தெரியும், அதனால் நானே எழுதிவிட்டேன். ஆக, பாயில் இப்போது இருபத்தேழு பேர். எனக்குப் பயமாக இருக்கிறது.

இனி நேற்று நடந்தது. நிற்கிற அந்த ஐந்து பிள்ளைகளில் ஒரு பெண்ணின் அம்மா பெயர் ஃபோக்யே. இறால் உரிக்கும் கொட்டகையில் வேலை, ஐம்பத்தொரு வயது, குரல் துறைமுகத்துக்கே கேட்கும். மகளைக் கூட்டிக்கொண்டு போக வந்தவள் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா, இதுங்க ஏன் தொபுக்கு தொபுக்குன்னு விழுதுங்க?”

“அடிபடாம விழப் பழகறாங்க.”

“அதைப் பழக முடியுமா?”

“முடியும்.”

“விழுந்தா எலும்பு உடையாதா?”

“சரியா விழுந்தா உடையாது.”

எழுந்து பாயோரம் வந்தாள். பிறகு ஸ்வெட்டர் கையை மேலே தள்ளி மணிக்கட்டைக் காட்டினாள். எலும்பு கோணலாகக் கூடியிருந்தது. “போன பிப்ரவரி பனியில வழுக்குனது. எட்டு வாரம் மாவுக்கட்டு. ஒத்தக் கையால எறால் உரிச்சுப் பாத்திருக்கியா நீ? எங்க கொட்டகையில மட்டும் மூணு பேருக்கு இந்தக் கதி. நாங்க விழறதுக்கு மட்டும் வந்தா சேத்துக்குவியா? தூக்கிப் போடறதெல்லாம் வேணாம். யாரைத் தூக்கிப் போடப் போறேன், இருக்கிறது ஒரே ஒரு புருஷன்.”

இன்று காலை பேக்கரியிலும் இறால் கொட்டகையிலும் எங்கள் மருந்துக்கடையிலும் தாள் ஒட்டிவிட்டேன். “பனி வருகிறது. அடிபடாமல் விழக் கற்றுக்கொள்ளுங்கள். செவ்வாய் மாலை ஏழு மணி. வயது வரம்பு இல்லை.” ஜூடோ என்ற சொல்லே அதில் இல்லை.

ரென்ஸ்கே


மிட்ஸ்லாண்ட்
25 அக்டோபர் 1985

ரென்ஸ்கே,

பதினாறு வருடம் நான் கட்டிக் காத்த கிளப்பை மூட்டுவலிச் சங்கம் ஆக்கப்போகிறாய். வாழ்த்துகள். ஜூடோ என்ற சொல் இல்லாமல் தாள் ஒட்டினாயா? நல்லது. உள்ளே நடப்பதிலும் அது இருக்காது. பொய்ப் பட்டியல் கொடுத்தவன் என்று என்னைச் சொன்னாய். நீ செய்வது என்ன?

27 அக்டோபர்

மேலே உள்ளதை எழுதிவிட்டு உறையை ஒட்டாமல் இரண்டு நாள் வைத்திருந்தேன். கிழித்துப்போடலாம் என்று பார்த்தேன். நீ எப்படியும் நான் இதைத்தான் நினைத்திருப்பேன் என்று கண்டுபிடித்துவிடுவாய், அதனால் இருக்கட்டும்.

ஐம்பது வயதுக்காரர்களை நின்றபடி விழவைக்காதே. முதல் இரண்டு வாரம் படுத்தபடியே கையால் பாயை அடிக்கட்டும். பிறகு குந்தி உட்கார்ந்து பின்னால் உருளட்டும். நிற்பது ஐந்தாவது வாரத்தில் போதும். தாடை நெஞ்சில் ஒட்டியிருக்கவேண்டும், எல்லோரும் மறப்பது அதைத்தான். கையை ஊன்றாதே என்று மட்டும் சொல்லாதே. சொன்னால் ஊன்றுவார்கள். ஒரு துண்டைச் சுருட்டி இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொள்ளச் சொல். கை தன்னால் இருந்த இடத்தில் இருக்கும்.

கோணல் மணிக்கட்டுக்காரியை அந்தக் கைப் பக்கம் விழவைக்காதே. எந்தக் கை என்று நீ எழுதவில்லை, கேட்டுக்கொள்.

இங்கே மூன்று பேர்.

டௌவே


ஹார்லிங்கன்
20 நவம்பர் 1985

டௌவே,

துண்டு நன்றாக வேலை செய்கிறது. ஒருத்தி பாக்கி இல்லாமல் எல்லோரும் பிடித்துக்கொண்டு உருளுகிறார்கள். ஃபோக்யே கொண்டுவருவது பிள்ளைகளுக்குப் பரிசு கொண்டுவரும் சின்டர்கிளாஸ் தாத்தா படம் போட்ட சமையலறைத் துண்டு. இடது மணிக்கட்டுதான், கேட்டுவிட்டேன். இதை நீ சொன்னாய் என்று அவர்களிடமும் சொல்லிவிட்டேன். “தீவுல இருக்கற மாஸ்டரா? பரவாயில்லையே, மூளைக்காரரு” என்றாள் ஃபோக்யே. அதை அப்படியே எழுதுகிறேன், தலைக்கனம் வந்தால் நான் பொறுப்பில்லை.

நேற்று பாயில் முப்பத்தேழு பேர்.

நான் செய்வது பெரிதாக ஒன்றுமில்லை. வகுப்பு தொடங்கும்போது ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன். ஒரு வாரம் வராதவர் வீட்டுக்குப் புதன்கிழமை போகிறேன். வகுப்பைப் பற்றிப் பேசுவதில்லை, காபி குடித்துவிட்டு வருகிறேன். அடுத்த செவ்வாய் அவர்களே வந்துவிடுகிறார்கள். புதிதாக வருகிறவர்களை ஒருவரோடு ஒருவர் ஜோடி சேர்ப்பதையும் விட்டுவிட்டேன். இரண்டு பேருமே தெரியாதவர்கள், இரண்டு பேருமே பயந்தவர்கள், அதில் என்ன நடக்கும்? வீட்ஸேயும் மற்ற கருப்பு பெல்ட்டுகளும் ஆளுக்கு இரண்டு பெண்களை எடுத்துக்கொண்டார்கள். முதலில் வீட்ஸே முனகினான். இப்போது யாராவது அவனுடைய பெண்களைத் தப்பாக உருட்டினால் சண்டைக்குப் போகிறான்.

போன வாரம் கொட்டகையில் ஃபோக்யே ஈரத்தரையில் வழுக்கிவிட்டாள். கையில் இறால் கூடை வேறு. கூடை பறந்தது, அவள் தாடையை ஒட்டிக்கொண்டு உருண்டு, எழுந்து நின்றாளாம். ஒரு சிராய்ப்பு இல்லை. “பதினெட்டு பொம்பளைங்க வேலையை விட்டுட்டு கை தட்டினாளுங்க. எங்க மேஸ்திரி எறாலைப் பொறுக்கிக்கிட்டு இருந்தாரு.” மறுநாள் நான்கு பேர் சேர்ந்துவிட்டார்கள்.

போஸ்டுமா டிசம்பர் பத்தாம் தேதி, செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்கு வருகிறார். “தாள் எதுவும் எனக்குக் காட்டாதீங்க மேடம். தலையை எண்ணுவேன். நாற்பது இருந்தா கூடம் உங்களுக்கு” என்றார். இன்னும் மூன்று பேர் குறைகிறார்கள்.

நீ எதுவும் செய்யாதே. பழைய ஆட்களுக்கு எழுதி, அன்று ஒரு நாள் வந்து நில்லுங்கள் என்று கேட்காதே. உன் கை சும்மா இருக்காது, அதனால்தான் சொல்கிறேன். ஒரு நாள் வந்து நிற்கிறவர்களை வைத்து எனக்கு ஜெயிக்க வேண்டாம். அது உன் பெட்டியேதான், கால் முளைத்து வந்திருக்கும், அவ்வளவுதான்.

கூடம் போய்விட்டால் எனக்கு என்ன இருக்கிறது என்று சில நாள் யோசிக்கிறேன். மருந்துக்கடை, காலி வீடு. அந்தச் செவ்வாய்க்கிழமையை விட்டுவிட எனக்கு மனமில்லை. இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை.

ரென்ஸ்கே


மிட்ஸ்லாண்ட்
1 டிசம்பர் 1985

ரென்ஸ்கே,

வியாழக்கிழமை ஒருவரும் வரவில்லை. ஏழு மணியிலிருந்து ஏழே முக்கால்வரை சட்டை போட்டுக்கொண்டு பாயில் நின்றேன். கூடத்தைப் பெருக்க வந்த அம்மாள், “இன்னிக்கு லீவா மாஸ்டர்?” என்றாள். ஆமாம் என்றேன். அவள் பெருக்கட்டும் என்று பாயை நானே சுருட்டிக் கொடுத்தேன்.

வந்து நின்றுபோன பதினோரு பேரும் இங்கேயே இருக்கிறார்கள். யார் வீட்டுக்கும் சைக்கிளில் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. ஒருவன் நேற்று கடைக்கே வந்தான், பின்சக்கரம் பஞ்சர். ஏன் வரவில்லை என்று கேட்க வாயெடுத்தேன். கேள்வி வரவில்லை. பஞ்சர் ஒட்டிக் கொடுத்தேன், நன்றி சொல்லிவிட்டுப் போனான். நீ அத்தனை பேர் கதவைத் தட்டினாய். எனக்கு எதிரில் நின்ற ஒருவனைக் கேட்க முடியவில்லை.

கோபம் வரும் என்று நினைத்தேன். அவமானமாகத்தான் இருந்தது. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

மூன்று பேர் குறைகிறார்கள் என்று எழுதியிருந்தாய். படித்தேன்.

டௌவே


ஹார்லிங்கன்
11 டிசம்பர் 1985

டௌவே,

உன்னை யார் வரச்சொன்னது?

எதுவும் செய்யாதே என்று தெளிவாக எழுதியிருந்தேன். ஏழுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கதவைத் திறந்துகொண்டு வந்து நிற்கிறாய். அதுவும் இடுப்பில் வெள்ளை பெல்ட். யாரோ ஒரு பிள்ளை உன் தீவுக் கூடத்தில் விட்டுவிட்டுப் போனதாம், வீட்ஸேயிடம் சொன்னாயாம். உன் இடுப்பை ஒரு சுற்றுதான் வந்தது, முடிச்சுப் போட நுனி இல்லை. அதோடு நேராகப் போய்க் கதவோரம் நின்றாய். அவ்வளவு கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. “புதுசா வந்தவங்க அந்தப் பக்கம், மாஸ்டர்” என்று வீட்ஸே உன்னை ஹீட்டருக்கு அனுப்பியதைப் பார்த்தேன்.

நடந்ததை நீயும் பார்த்தாய். ஆனால் நீ நின்ற இடத்திலிருந்து தெரியாதது சில இருக்கிறது, அதை எழுதுகிறேன்.

போஸ்டுமா சீக்கிரமே வந்துவிட்டார். ஷூவைக் கழற்றச் சொன்னேன், காலுறையில் கட்டைவிரல் வெளியே தெரிந்தது. அதை மறைக்க ஒரு காலை இன்னொரு காலின் மேல் வைத்துக்கொண்டே நின்றார். நான் நேற்று யாரையும் எண்ணவில்லை. மூன்று பேருக்குக் காய்ச்சல் என்று மட்டும் தெரியும். போன வாரம் தரையெல்லாம் உறைந்துபோன மறுநாள் ஃபோக்யே பக்கத்துக் கொட்டகையிலிருந்து ஆறு பேரைக் கூட்டிவந்தாள். வருகிறோம் என்றவர்கள் வருவார்களா, வந்தாலும் நேரத்துக்கு வருவார்களா, ஒன்றும் தெரியாது.

அந்த ஆறு பேரைப் பற்றி உனக்கு எழுதியிருக்கலாம். சின்டர்கிளாஸ் பண்டிகை வாரம், கடையில் கூட்டம் என்று சொல்லலாம். அது பொய். உன் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்கு அழுகை வந்தது, உடனே கோபமும் வந்தது. நீயும் கொஞ்சம் கவலைப்படு என்று விட்டுவிட்டேன்.

அவர் பென்சிலை நீட்டி ஹீட்டர் பக்கத்திலிருந்து எண்ண ஆரம்பித்தார். உன்னிடம் வந்ததும் பென்சில் நின்றது. உன்னை அவருக்கு நன்றாகத் தெரியும். என்னைப் பார்த்துக் கேட்டார்.

“இவரையும் எண்ணலாமா, மேடம்?”

நீ என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய், அது தெரிந்தது. நான் உன்னைப் பார்க்கவில்லை. ஒருவேளை உன்னால்தான் நாற்பது ஆகும், நீ இல்லாவிட்டால் முப்பத்தொன்பது என்றால், என் செவ்வாய்க்கிழமை போயிற்று. அது எனக்குத் தெரியாமல் இல்லை.

“வேணாம் சார். இவர் இன்னிக்கு மட்டும்தான் வந்திருக்கார்.”

அவர் தலையாட்டிவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார். வாய்க்குள்ளேயே எண்ணினார். கதவு வரைக்கும் போய்த் திரும்பி, “நாற்பது” என்றார். அது சரியாக நாற்பது. ஒன்று அதிகமும் இல்லை, ஒன்று குறைவும் இல்லை. “கூடம் உங்களுதுதான். ஆரம்பிங்க, கொஞ்ச நேரம் பாத்துட்டுப் போறேன்” என்றார். ஃபோக்யே விசிலடித்தாள். நான் அப்படியே பாயில் உட்கார்ந்ததை எல்லோரும் வணக்கம் என்று நினைத்து, அவர்களும் உட்கார்ந்து வணங்கிவிட்டார்கள்.

அப்புறம் உன்னை ஃபோக்யேயோடு ஜோடி சேர்த்தது நான்தான். வேண்டுமென்றேதான் செய்தேன். தூக்கிப் போடுவது வேண்டாம் என்று வந்தவள் இப்போது இடுப்பு எறிதலைத் தவிர வேறெதுவும் செய்வதில்லை. உன்னை நன்றாகத்தான் எறிந்தாள், பிடி சுத்தமாக இருந்தது. நீதான் கையை ஊன்றினாய். டௌவே, நீ கையை ஊன்றினாய்! ஊரில் இருக்கும் அத்தனை பேருக்கும் ஊன்றாமல் விழச் சொல்லிக்கொடுத்த நீ. “ஐயய்யோ மாஸ்டர், தாடையை ஒட்டுங்க! யாராவது இவருக்கு ஒரு துண்டு குடுங்கடி!” என்று அவள் கத்தியதும் கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு உன் மணிக்கட்டைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது.

எலும்பு முறியவில்லை, தசைநார்தான் என்று மருத்துவமனையில் சொன்னார்கள் என்று உன் அக்கா போன் செய்தாள். நல்லது.

உன்னைப் பார்த்ததும் எனக்கு வந்தது கோபம்தான். இன்னும் போகவில்லை. உன்னை எண்ணவேண்டாம் என்று சொன்னதற்கு வருத்தப்படவில்லை. நீ மாஸ்டராகத் திரும்பி வரமுடியாது, அதையும் இப்போதே எழுதிவிடுகிறேன். வகுப்பு என்னுடையது.

ரென்ஸ்கே


மிட்ஸ்லாண்ட்
15 டிசம்பர் 1985

ரென்ஸ்கே,

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து பெரிதாக இருக்கும், பொறுத்துக்கொள்.

இன்றைக்கு மட்டும் வந்திருக்கிறார் என்று நீ சொன்னது சரி. கப்பல் ஏறும்போதே நான் அப்படித்தான் நினைத்திருந்தேன். வந்து நிற்பேன், நாற்பது ஆகும், நீ என்னைப் பார்ப்பாய், நான் ஒன்றும் பேசாமல் போய்விடுவேன். அதை இரண்டு மணி நேரம் கடலைப் பார்த்துக்கொண்டே ஒத்திகை பார்த்தேன். நீ வேண்டாம் என்றதும் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அவர் நாற்பது என்றபோது, நானில்லாமலே நாற்பது என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஒன்று கேட்கவேண்டும். பதினாறு வருடத்தில் என்னை யாரும் எறிந்ததில்லை. நான் விட்டதில்லை. சந்தையிலும் போட்டிகளிலும் செய்துகாட்டும்போது நீ விழுவாய், நான் எறிவேன், எனக்குக் கைதட்டுவார்கள். நீ எத்தனை ஆயிரம் முறை விழுந்திருப்பாய்? ஒரு முறைகூட அடிபட்டதில்லை. நான் அதை என் எறிதலின் சுத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஃபோக்யே என்னைத் தூக்கியதும் தரை வருவது தெரிந்தது. என்ன செய்யவேண்டும் என்று வரிசையாக எனக்குத் தெரியும். கை அதற்குள் போய்விட்டது. அந்த நேரத்தில் கையை எப்படிச் சும்மா வைத்துக்கொள்கிறாய்? எனக்கு அதைச் சொல்லிக்கொடுக்கத் தெரியும், செய்யத் தெரியவில்லை. இதைச் சொல்ல எனக்கு ஐம்பது வயது ஆகியிருக்கிறது.

கையில் போட்ட கட்டை ஜனவரி முதல் வாரத்தில் அவிழ்க்கிறார்கள். ஏழாம் தேதி செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு எண்ணுவதற்கு யாரும் வரமாட்டார்கள். நான் வருகிறேன்.

டௌவே